மாடியில் குடியிருக்கலாம்

பிப்ரவரி 9

சித்திக்கு,

காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் தங்கைதான் எடுத்து, "அக்கா குளிக்கிறா" என்கிறார். ஒரு மனுஷி ஒரு நாளில் அத்தனை தடவை குளிக்கமாட்டார் என்று எனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் குளியலறைக்கு அனுப்ப முடியாது.

அப்பாவின் உயிலை நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறேன். இது அவர் எழுதிய கடைசி உயில்தான், இதில் கள்ளத்தனம் இல்லை என்று நீதிமன்றம் பார்த்து உறுதி செய்து முத்திரை போட்டுத் தரவேண்டும். அதற்குத்தான் புரோபேட் என்று பெயர். அது கைக்கு வரும்வரை வங்கியில் அப்பா போட்டுவைத்த பணத்தை யாரும் தொட முடியாது. லாண்டரிக் கட்டடமும் மேலே உள்ள வீடும் அவர் பெயரிலேயே நிற்கும். பாய்லர் லைசென்ஸ்கூட அப்படித்தான். கெஞ்சிக் கூத்தாடி, தற்காலிகமாக ஓட்ட அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு வாரிசு என்று இருப்பது நாம் இருவர்தான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவர் என்னிடம் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு இதில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வேலை சுருக்கமாக முடியும். செலவும் குறையும்.

ஓட்டல் விரிப்புகள் தினமும் வருகின்றன. நான் காலையில் என் டிரைவிங் ஸ்கூல் வகுப்புகளை முடித்துவிட்டு மதியம் லாண்டரிக்கு வந்துவிடுகிறேன். எல்லாரும் உங்களைக் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
மகள்


பிப்ரவரி 17

அம்மா தாயே,

தாள் வந்தது. நீ அனுப்பிய கடிதத்தில் தாளைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று ஒரு வரி இல்லை. பரவாயில்லை. நீ உன் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

நான் ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று உனக்குத் தெரியாது போல நடிக்காதே. பழைய வக்கீல் தன் அறையில் உயிலை வாசித்தபோது நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். லாண்டரி மகளுக்கு. கட்டடம் மகளுக்கு. டெபாசிட் மகளுக்கு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்று வாசித்தாரே: "என் மனைவி தன் ஆயுள் உள்ளவரை மாடியில் குடியிருக்கலாம்." இருக்கலாமாம்! அப்படியானால் இத்தனை வருஷம் அந்த மாடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வாடகை பாக்கி வைத்தவளைப் போனால் போகிறது என்று விட்டுவைப்பது போல இருந்தது எனக்கு. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவில் யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

காலையில் பாய்லர் சூடேறும்போது இறங்கிப் போவேன். ராத்திரி கடைசி மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் மேலே ஏறுவேன். அந்தப் படிக்கட்டுக்குத் தெரியும் அது யார் வீடு என்று.

இப்போது உனக்கு என் கையெழுத்து வேண்டும். எதற்கு? எல்லாம் உனக்குத்தான் என்று அவரே எழுதிவிட்டார். பிறகு நீதிமன்றத்துக்கு என்ன செலவு? அங்கே யாருக்கு யார் கொடுக்கிறார்கள்? செலவு செலவு என்று சொல்லியே ஒரு சொத்தைக் காணாமல் அடித்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். என் தங்கை வீட்டுக்காரர், "அக்கா, கண்ண மூடிட்டு எதுலயும் கையெழுத்துப் போட்றாதீங்க. எனக்கு ஒரு வக்கீலத் தெரியும்" என்கிறார். நாளை போகிறோம்.

இஸ்திரி போடும் நம் நெட்டை ஒட்டகத்தை நான் விசாரித்ததாகச் சொல். அவன் உயரத்துக்கு மேசை தாழ்வு. குனிந்து குனிந்து முதுகு போய்விடும். மேசைக்கடியில் கட்டை வைக்கச் சொல்லியிருந்தேன், வைத்தாயா?

உன் அப்பாவின் மனைவி


மார்ச் 2

சித்திக்கு,

சாப்பிட்டீர்களா? தூங்கினீர்களா? கேட்டுவிட்டேன். கட்டையும் வைத்தாகிவிட்டது.

செலவு யாருக்குப் போகிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். சொல்கிறேன்.

முதலில் பழைய வக்கீலிடமே போனேன். "மொத்த சொத்து மதிப்புல நூத்துக்கு அஞ்சு. அதான் எங்க வழக்கம்" என்றார். நான், "சார், சின்ன கார்ல கத்துக்கறவங்ககிட்டயும் பெரிய கார்ல கத்துக்கறவங்ககிட்டயும் நான் ஒரே பீஸ்தான் வாங்கறேன். ரெண்டுக்கும் கிளட்ச் ஒண்ணுதான். கட்டடத்தோட விலை கூடினா உங்க மனு நீளமாகுமா?" என்று கேட்டேன். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். பிறகு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். மனு போடும்போது இவ்வளவு, உத்தரவு வரும்போது இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொண்டேன். பெரியவர் கேட்டதில் பாதிகூட இல்லை.

அடுத்தது நீதிமன்றக் கட்டணம். இது சொத்து மதிப்பைப் பொறுத்தது. இதில் பேரம் கிடையாது. இதுதான் இருப்பதிலேயே பெரிய செலவு. அதற்காகச் சொத்தை மதிப்புப் போட ஒருவர் வரவேண்டும், அவருக்குக் கூலி. "இன்னாரின் உயில் இது, ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லுங்கள்" என்று பத்திரிகையில் விளம்பரம், அதற்குக் காசு. நகல்களுக்குக் காசு. இது நடந்துகொண்டிருக்கும்போதே கட்டட வரி, இன்சூரன்ஸ், கரண்ட் பில், ஐந்து பேர் சம்பளம். வங்கிக் கதவு மூடியிருப்பதால் எல்லாம் இப்போது என் டிரைவிங் ஸ்கூல் சேமிப்பிலிருந்து போகிறது. உத்தரவு வந்ததும் சொத்திலிருந்து திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் நான் ஒன்றும் செய்வதில்லை. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இவ்வளவும் நீங்கள் சம்மதித்தால் ஆகும் செலவு. ஆட்சேபணை போட்டீர்கள் என்றால் இந்த மனு முழு வழக்காக மாறிவிடும். சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்கிறார் வக்கீலம்மா. வாடகைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு நாம் இருவரும் உள்ளே உட்கார்ந்து சண்டை போடுவது போலத்தான். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வழக்குப் போடுவதானால் போடுங்கள். நான் ஓடி ஒளியமாட்டேன். ஆனால் என்ன விலைக்கு என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

மகள்


ஏப்ரல் 11

மகளுக்கு,

ஆட்சேபணை போட்டது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை. உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் வந்த கோபத்தில் போட்டேன். எனக்கு விலை தெரியாதா? ஒரு சட்டையைப் பார்த்ததும் எத்தனை தடவை துவைத்தது என்று சொல்கிறவள் நான்.

திங்கட்கிழமை நீதிமன்ற வராந்தாவில் உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். தூண் பக்கம் போய் நின்றுகொண்டாய். உள்ளே நம் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டு வக்கீல்களும் எழுந்தார்கள், ஏதோ சொன்னார்கள், ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவ்வளவுதான். நான் பஸ்ஸில் வந்த நேரத்தில் கால்வாசிகூட அந்த அறைக்குள் ஆகவில்லை.

வெளியே வந்ததும் என் வக்கீல் அடுத்த தவணை கேட்டார். நான் கேட்டேன்: "சார், கேஸ் ஜெயிச்சா செலவு யார் தருவாங்க?"

"எஸ்டேட்ல இருந்து வாங்கிக்கலாம்மா."

"தோத்தா?"

"அதுவும் பல சமயம் எஸ்டேட்ல இருந்தே கேக்கலாம். நீங்க ஏன் அதைப் பத்தி யோசிக்கறீங்க?"

"எஸ்டேட்னா எது சார்?"

"அதாம்மா, லாண்டரி, கட்டடம், டெபாசிட்."

"அப்ப அந்தப் பொண்ணோட வக்கீலுக்கும் அதுலேர்ந்துதான். உங்களுக்கும் அதுலேர்ந்துதான்."

"நல்லாப் பேசறீங்கம்மா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தங்கை வீட்டுக்காரர்தான் அவசர அவசரமாகப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதனால் நான் வாபஸ் வாங்கிவிட்டேன் என்று நினைக்காதே. அந்த "இருக்கலாம்" இன்னும் முள்ளாகத்தான் இருக்கிறது. நான் எழுத வந்தது வேறு. உன் வலது கையில் என்ன கட்டு? மணிக்கட்டுக்கு மேலே, முழங்கை வரை. ரோலரா? இஸ்திரி போட விரிப்பின் ஓரத்தை அந்தச் சூட்டு உருளைக்குள் தள்ளும்போது சுட்டதா? உன்னை யார் அங்கே நிற்கச் சொன்னது? ஒட்டகம் எங்கே போனான்?

பதில் எழுது. இடது கையாலாவது எழுது.

சித்தி


ஏப்ரல் 16

சித்திக்கு,

ரோலர்தான். ஒட்டகத்தின் மேல் தப்பில்லை. அவருடைய மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போயிருந்தார். ஓட்டலில் ஏதோ மாநாடு, ஒரே நாளில் இரட்டை மூட்டை. முடியாது என்று சொன்னால் வேறு லாண்டரிக்குப் போய்விடுவோம் என்று மேனேஜர் சொன்னார். நானே நின்றேன். முக்கால்வாசி நன்றாகத்தான் போனது. கொப்புளம் உடைந்து ஆறிவருகிறது. ஸ்டியரிங் பிடிக்க முடிகிறது.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். மதிப்புப் போடுகிறவர் போன வாரம் வந்தார். கையில் டார்ச்சோடு பாய்லருக்குக் கீழே எல்லாம் குனிந்து பார்த்தார். சலவை மெஷின்கள், டிரையர், மேசைகள் என்று எழுதிக்கொண்டே வந்து ரோலர் முன்னால் நின்றார். "இதுதான் நல்ல விலை போகும்" என்றார்.

"அதை எழுதாதீங்க. அது அப்பாவோடது இல்ல."

"உங்க லாண்டரிக்குள்ளதானே இருக்கு?"

"என் சித்தியோடது. அவங்க வேலை பார்த்த கார்மெண்ட்ஸ் கம்பெனிய மூடினப்ப கிடைச்ச பணத்துல அவங்க வாங்கினது."

கூட வந்திருந்த வக்கீலம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவங்களே கேக்கலையே. வழக்கு நடக்கறப்ப நீங்களா ஏன் விட்டுக்கொடுக்கறீங்க?" என்றார். விட்டுக்கொடுக்க அது என்னுடையதாக இருந்தால்தானே? அந்த ரோலர் லாரியில் வந்து இறங்கியபோது நான் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். மதிப்புப் போடுகிறவர் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். கட்டணமும் அந்த அளவுக்குக் குறைந்தது. வழக்கு எப்படிப் போனாலும் அது உங்களுடையது. நாளைக்கே வந்து கழற்றிக்கொண்டு போனாலும் நான் கேட்கமாட்டேன்.

உயிலின் தேதியையும் பார்த்தேன். நீங்கள் வந்த அதே வருஷம் எழுதியது. புதிதாக வந்த உங்களை நம்பாமல் அத்தைதான் அப்பாவின் பின்னால் நின்று எழுத வைத்திருப்பார். அதற்குப் பிறகு அப்பா அந்தக் கவரைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். ஒன்றை மூடி வைத்துவிட்டால் இரண்டாம் தடவை திறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பல் டாக்டரிடம்கூடப் பாதியில் நின்றவர்தானே. அந்த "இருக்கலாம்" உங்களை அப்போதுதான் தெரிந்த ஒரு மனுஷர் எழுதியது. அது அவர் அலட்சியம். அதை நான் சரி என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு வக்கீல் அறையிலும் எனக்கு அது பிடிக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

உத்தரவு வந்ததும் லாண்டரித் தொழிலில் பாதி உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறேன். கட்டடம் என்னுடையது, தொழில் இருவருடையது. "வாபஸ் வாங்கினால்தான் தருவேன்னு எழுதுங்க" என்றார் வக்கீலம்மா. அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் வழக்கை நடத்தினால் கடைசியில் பாதி என்பது எதில் பாதியாக இருக்கும் என்று தெரியாது. என்ன மிஞ்சுகிறதோ அதில் பாதி.

மகள்


மே 5

அம்மா,

கையில் தேங்காய் எண்ணெய் தடவு, வெயில் படவிடாதே. இன்னொரு தடவை ரோலர் பக்கம் போனால் கையைத் தனியாகப் பார்சல் செய்யவேண்டி வரும். ஓரத்தைத் தள்ளக்கூடாது, விரித்துப் பிடித்தால் அதுவே இழுத்துக்கொள்ளும்.

ஆட்சேபணையை வாபஸ் வாங்கிவிட்டேன். நீ கேட்ட சம்மதத் தாளிலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீட்டில் பெரிய ரகளை. தங்கை வீட்டுக்காரர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, முறைப்படி ஒண்ணும் எழுதி வாங்காம, அவ எழுதின வெறும் கடுதாசிய நம்பியா கையெழுத்துப் போடற?" என்றாள்.

"அவ அப்பா முறைப்படிதான் எழுதினாரு. சாட்சி வச்சு, ஸ்டாம்ப் ஒட்டி. அதுல என்ன கிடைச்சுது எனக்கு?"

"நாளைக்கு அவ மாட்டேன்னுட்டா?"

"அப்ப நேர்ல போய்ச் சண்டை போடுவேன். பஸ் சார்ஜ்தான் செலவு."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் நல்லவள். எனக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் பேசுகிறாள். அவள் வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்துத் தானாகவே சட்னி கேட்டார், சரியாகிவிட்டது.

பாதி கிடைக்கும் என்பதற்காக நான் கையெழுத்துப் போடவில்லை. ரோலர் விஷயத்தை நீயாகச் சொன்னாய். நான் கேட்கவில்லை, நீதிமன்றம் கேட்கவில்லை. பதினாலு வயதில் நீ என்னைச் சித்தி என்று கூப்பிட ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாய். "இந்தாங்க", "கேளுங்க" என்றே ஓட்டினாய். ஆனால் ஒரு நாள்கூட நீ என்னிடம் பொய் சொன்னதில்லை. அதை நான் மறந்துபோயிருந்தேன்.

உன் அப்பா மேல் கோபம் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும், அதற்கு நீதிமன்றம் வேண்டாம். நேற்று அவரை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். அவர் போனதிலிருந்து அழவில்லை. கோபத்தில் நேரமே கிடைக்கவில்லை.

சித்தி


செப்டம்பர் 20

சித்திக்கு,

வந்துவிட்டது. முத்திரை போட்ட உத்தரவு, பின்னால் உயிலின் நகல், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து. வக்கீலம்மா என் கையில் கொடுத்தபோது, "இவ்வளவு சீக்கிரம் என் சர்வீஸ்ல கொஞ்சம் பேருக்குத்தான் வந்திருக்கு. உங்க சித்தி வாபஸ் வாங்கினதுதான்" என்றார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் டெபாசிட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதில் பெரும்பகுதி நீதிமன்றக் கட்டணம். மீதி வக்கீலம்மா, மதிப்பீடு, விளம்பரம், வரி. ஆட்சேபணையால் கூடியது மட்டும் கிட்டத்தட்ட ஒரு புது டிரையர் விலை. சொல்லிக்காட்டவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். நான் கையிலிருந்து போட்டதை எடுத்துக்கொண்டுவிட்டேன். வழக்கு நடந்திருந்தால் டெபாசிட் முழுவதும் போய்ப் பிறகு மெஷின்களில் கைவைத்திருப்பார்கள். வக்கீலம்மாவே வாய்விட்டுச் சொன்னார்.

பங்கு ஒப்பந்தம் தயார். சரிபாதி. நீங்கள் வந்து படித்துப் பார்த்து, பிடிக்காத வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "லாம்" என்று முடியும் ஒரு சொல்கூட அதில் இருக்கக்கூடாது என்று வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாடியைக் கழுவி வைத்திருக்கிறேன். ஜன்னல் கொக்கியும் மாற்றியாகிவிட்டது. வாருங்கள்.

மகள்


செப்டம்பர் 26

கண்ணு,

செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் வருகிறேன். தங்கையும் வருகிறாள், லாண்டரியைப் பார்க்கவேண்டுமாம்.

மாடிக்கு நான் வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, கேள். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு அந்தப் படியில் ஏற எனக்கு விருப்பமில்லை. மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன வீடு பார்க்கச் சொல்லி ஒட்டகத்திடம் சொன்னேன், பார்த்துவிட்டான். சமையலறையில் வெளிச்சம் இருக்கிறதாம். வாடகையை என் பங்கிலிருந்து நானே கொடுத்துக்கொள்வேன். காலையில் வேலைக்கு வருவேன், ராத்திரி என் வீட்டுக்குப் போவேன். மாடியில் இருக்கிற என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று உன் வக்கீலம்மாவை எழுதச் சொல். நீ மாடியை வாடகைக்கு விடு. நீதிமன்றம் தின்றது இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும். வரலாம் என்று எழுதவில்லை, கவனி.

பங்குதாரர் என்றால் சண்டை போடும் உரிமையும் சேர்ந்துதான். கையெழுத்துக்குக் காத்திராமல் முதல் சண்டையை இப்போதே ஆரம்பிக்கிறேன். மாநாட்டுக்காக ஓட்டல்காரருக்கு விரிப்பு ஒன்றுக்கு நீ என்ன விலை ஒப்புக்கொண்டாய் என்று ஒட்டகம் சொன்னான். தலையில் கையை வைத்துக்கொண்டேன். அந்த மேனேஜரைப் புதன்கிழமை வரச் சொல். நீ பேசாதே. நான் பேசிக்கொள்கிறேன்.

சித்தி